உன் அப்பா ஒப்பிக்காத பாடம்

தம்பி,

எதிரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் நான் பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இதை மடித்து ஒட்டி உன் பெட்டிக்குள் சொருகப் போவதில்லை. சாப்பாட்டு மேசைமேல் திறந்தே வைத்து, பறக்காமல் இருக்க உப்பு ஜாடியை மேலே வைப்பேன். உன் அப்பா எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். அவரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத எதையும் நான் இதில் எழுதவில்லை. வாயால் சொல்ல வராததை மட்டும்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நீ மேசையில் ஜெர்மன் பயிற்சித் தாளை விரித்து வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாய். அப்பா பேக்கரியைச் சாத்திவிட்டு, முழங்கையில் மாவு ஒட்டியபடி உள்ளே வந்தார். "அப்பா, இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று தாளை நீட்டினாய். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, தாளைத் தள்ளிப் பிடித்து, உதட்டை அசைத்துப் படித்தார். "இதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. டீச்சரையே கேளு" என்றார். "நீங்க நாலு வருஷம் அங்க இருந்தீங்கல்ல?" "இருந்தேன்." "அப்ப இது தெரியாமயா பேசுனீங்க?" "பேசுனேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் கை கழுவப் போய்விட்டார். நீ சமையலறைக்கு வந்து என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு, "அம்மா, நெஜமா சொல்லு. அப்பா ஜெர்மனி போனாரா, இல்ல பாம்பே வரைக்கும் போய்ட்டுத் திரும்பிட்டாரா?" என்று கேட்டாய்.

நீ சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். வெளியே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நீ கேட்டு முடித்தபோது அது ஓடியதா, நின்றிருந்ததா என்று இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நின்றுதான் இருந்தது என்பது என் சந்தேகம். அன்றுவரை அவர் உனக்குத் தினமும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார். பனியில் எந்தச் செருப்பு வழுக்கும், ரொட்டிக் கடையில் எப்படி வரிசையில் நிற்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்குக் காலை வணக்கம் சொல்லாமல் போனால் எப்படி முகம் சுளிப்பார்கள் என்றெல்லாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, "டிக்கெட் பத்திரமா இருக்கா?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. நீ அதைக் கவனித்தாயா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன். இப்படியே நீ மீனம்பாக்கத்தில் விமானம் ஏறிவிட்டால், இரண்டு பேரும் இதை அப்படியே வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் டிக்கெட்டையும் உடம்பையும் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பீர்கள். அதற்குத்தான் எனக்குப் பயம்.

உன் தாளில் மூன்றாவது வரி தப்பு. மேசை துடைக்கும்போது பார்த்தேன். 'மிட்' வந்தால் பின்னால் 'டேன்' வராது, 'டேம்' வரும். மிட் டேம் கூட்டென் மன். நல்ல மனிதனோடு. இது உன் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நீ இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய். சொல்கிறேன்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்று உனக்குத் தெரியும். வீட்டு வேலைக்காக நிறுத்திவிட்டார்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா இறந்துவிட்டாள், ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாவுக்கு நான்தான் சமைத்துப் போட்டேன் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் நின்றதற்குக் காரணம் அது இல்லை. எனக்கு வகுப்பில் வாய் திறக்காது. செய்யுளோ சூத்திரமோ, இரும்புலியூரிலிருந்து பள்ளிக்கூடம் வரை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவேன், ஒரு சொல் பிசகாது. டீச்சர் எழுப்பி, "எங்கே, ஒப்பி" என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாற்பது பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "படிச்சிருந்தாதானே வரும்" என்பார் டீச்சர். படித்திருக்கிறேன் என்று சொல்லவும் வாய் வராது. ஒரு நாள் நின்றபடியே தரையைப் பார்த்து அழுதேன். மறுநாள் போகவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

பேசாமல் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். பார்த்துக்கொண்டே இருப்பார்கள். யார் எதற்கு வந்தார்கள், ஏன் சிரித்தார்கள், சொல்லாமல் விட்டது என்ன என்று. கேள்வி கேட்கத் தைரியம் இல்லாதவளுக்குச் சந்தேகம்தான் துணை. காய்காரர் பை நிறையக் கொத்தமல்லி போட்டால்கூட, கத்தரிக்காயைக் கொட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட என்னைத்தான், பதினெட்டு முடிந்த வருஷம், உன் அத்தை பெண் பார்க்க வந்தாள்.

எண்பதுகளின் கடைசி. அப்போது இரண்டு ஜெர்மனி இருந்தது. அத்தை வந்தது மேற்கு ஜெர்மனி மாப்பிள்ளைக்காக. உன் அத்தை பேசுவதை நீ கேட்டிருக்கிறாய், இப்போது வயதாகிக் குறைந்துவிட்டது. அன்றைக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "எங்க தம்பி ஓவன் கம்பெனில எஞ்சினியரா கீறான் சார். லீவுல வந்துகினு கீறான். கல்யாணம் முடிஞ்சதும் பொண்ணையும் இட்டுகினு பறந்துடுவான். எங்களுக்கு ஒண்ணும் வேணாம், பொண்ணு அடக்கமா இருந்தா போதும்." என் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்று யோசித்தேன். ஜெர்மனி எஞ்சினியருக்கு ஒன்பதாவது படித்த, வாய் பேசாத பெண் எதற்கு? தாம்பரத்தில் பட்டம் படித்த பெண்களே இல்லையா? அடக்கம் என்றால் கேள்வி கேட்காதவள் என்று அர்த்தமோ?

உன் அப்பா அன்றைக்கு அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். நான் டம்ளரை எடுக்கக் குனிந்தபோது அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே கோடு கோடாகத் தீக்காயத் தழும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக. எஞ்சினியருக்கு எதற்கு இத்தனை சூடு? அது மட்டுமில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கே கொட்டாவி விட்டார். கோட்டு சூட்டு போட்டவர்கள் கையிலிருக்கும் மினுமினுப்பு இல்லை. எல்லாவற்றையும் மனதில் போட்டு வைத்துக்கொண்டேன். என் அப்பா, "பிடிச்சிருக்காமா?" என்று கேட்டபோது, தலையை எந்தப் பக்கமும் ஆட்டாமல் நின்றேன். நம் வீடுகளில் அதற்குச் சம்மதம் என்று பெயர்.

அடுத்த வாரம் அத்தை ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தாள். பழைய ஜெர்மன் பாடப் புத்தகம், விளக்கமெல்லாம் இங்கிலீஷில். "அங்க போயி பேந்த பேந்த முழிக்கக் கூடாதுல்ல? படிச்சு வெச்சுக்கோமா" என்றாள். ஒன்பதாவது இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். முழுதாகப் புரிந்தது கட்டம் போட்ட பக்கங்கள்தான். பார்த்ததும் தெரிந்துவிட்டது, இது வேற்றுமை. நல்ல மனிதன், நல்ல மனிதனுடைய, நல்ல மனிதனுக்கு, நல்ல மனிதனை. டேர் கூட்டெ மன், டெஸ் கூட்டென் மன்னெஸ், டேம் கூட்டென் மன், டேன் கூட்டென் மன். வாய்ப்பாடு மாதிரிதான். அரிசி களையும்போது ஒரு வரி, துணி அலசும்போது ஒரு வரி. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, இரண்டுமில்லாததற்கு ஒன்று. முன்னால் 'ஒரு' என்கிற 'ஐன்' வந்தால் வேறு மாதிரி, ஒன்றுமே வராவிட்டால் இன்னொரு மாதிரி. கேட்க யாரும் இல்லாததால் எல்லாம் தடங்கலில்லாமல் வந்தது.

ஆனால் படிக்கப் படிக்க அந்த மொழிமேலும் எனக்குச் சந்தேகம். நம் மொழியில் 'நல்ல' என்றால் நல்லதான். மனிதனோடு சேர்ந்தாலும், மனிதனுக்குக் கொடுத்தாலும், மனிதனை அடித்தாலும் அந்தச் சொல் அசையாது. பின்னால் வருகிறவன்தான் 'ஐ' என்றும் 'கு' என்றும் வால் முளைத்து அலைவான். இவர்களிடம் தலைகீழ். மனிதன் பெரும்பாலும் அப்படியே நிற்கிறான், 'நல்ல' என்கிற சொல்தான் ஆளைப் பார்த்து, இடத்தைப் பார்த்து வாலை மாற்றிக்கொள்கிறது. நல்லதே இப்படி நேரத்துக்கு ஒன்றாக இருந்தால் எதை நம்புவது? அதைவிட, இளம்பெண்ணுக்கு அவர்கள் வைத்திருக்கும் 'மெட்ஷென்' என்ற சொல் பெண்பால் வரிசையில் இல்லை. நாற்காலி மேசையெல்லாம்கூட ஆண்பால் வரிசையில் நிற்கிற மொழியில், பெண் பிள்ளை மட்டும் போய் இரண்டுமில்லாததில் நிற்கிறாள். குழந்தையை 'அது' என்று நாமும் சொல்கிறோம். பதினெட்டு வயதுப் பெண்ணையா? அப்படிப்பட்ட ஊருக்கு என்னைக் கூட்டிப் போகிறார்களாம்.

நம் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், உனக்குத் தெரியும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை சொல்ல இருந்தால் தெரிவிக்கவும் என்று போதகர் வாசித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். மற்றவர்களுக்கு அது இருமிக்கொள்கிற நேரம். முதல் ஓலை வாசித்தபோது எனக்கு அந்த நிறுத்தம் ஒரு கதவு மாதிரி தெரிந்தது. மூன்று தடவை திறக்கும், அதற்குப் பிறகு திறக்காது.

அன்று ஆராதனை முடிந்து உன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். முன் அறையில் அவர், எதிரில் நான், நடுவில் என் அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு. பிறகு அவர், "புக்கு படிக்கிறியாமே, அக்கா சொல்லிச்சு. எங்க, படி பாக்கலாம்" என்றார். அவரை நிமிர்ந்து பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்துப் படித்தேன். பெண்பால் வரிசையில் 'நல்ல பெண்' என்பதை இங்கிலீஷ் எழுத்தை நம்பி, "டை குட் ஃப்ராவ்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "டை இல்ல. டீ. டீ கூட்டெ ஃப்ராவ்." அதை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. தொண்டையின் அடியிலிருந்து ஒரு 'ர', நம் வாயில் வராதது. இது அங்கே வாழ்ந்த வாய் என்று அந்த இடத்திலேயே நான் புரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் என் புத்தி வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்தை அவர் பக்கம் திருப்பாமல் என் மார்போடு பிடித்துக்கொண்டு, "நீங்க மீதிய சொல்லுங்க" என்றேன்.

"மீதி இன்னா?"

"அடுத்த வரி. ஃப்ராவுக்கு. ஃப்ராவுடைய."

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். "டீ... டேர்..." என்று இழுத்தார். "வாயில தானா வரும்மா. இப்படி வரிசையா கேட்டா வராது" என்றார். நான் ஆண்பாலைக் கேட்டேன். அதிலும் இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். மூன்று வாரம் படித்த எனக்குத் தெரிகிறது, நாலு வருஷம் இருந்தவருக்குத் தெரியவில்லை. படித்திருந்தால்தானே வரும்? அவர் போன பிறகு அப்பாவிடம், "அவரு ஜெர்மனிக்கே போகலப்பா" என்றேன். அப்பா பேப்பரை மடித்தார். "போகாதவனுக்கு எப்படி டீன்னு தெரியும்?" என்றார். "கப்பல்காரங்ககிட்ட கேட்டிருக்கலாம். சினிமால பாத்திருக்கலாம்." "நீ போலீசுக்குப் போயிருக்கணும்மா" என்றார் அப்பா. ஆனால் அவருக்கும் முகம் வாடிவிட்டது.

மறுநாள் அப்பா அத்தை வீட்டுக்குப் போனார். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். அத்தை அவரைப் பேசவே விடவில்லையாம். "இன்னா சார் பேஜார் பண்றீங்க, உங்க பொண்ணு டெஸ்ட் வெக்குதா என் தம்பிக்கு? பாஸ்போர்ட் வேணுமா, காட்டுறேன்" என்று பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டினாளாம். "ஸ்டாம்பு இருந்துச்சும்மா" என்றார் அப்பா. ஸ்டாம்பை எங்கே வேண்டுமானாலும் குத்தலாம் என்றேன் நான். இரண்டாவது ஓலையும் வாசித்துவிட்டார்கள். கதவு திறந்து மூடியது.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் காலையில் உன் அப்பா தனியாக வந்தார். அத்தைக்குத் தெரியாமல் வந்திருக்கிறார் என்பது அவர் சைக்கிளை உள்ளே தள்ளி நிறுத்தியதிலேயே தெரிந்தது. அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மறுபடியும் பேப்பரை எடுத்துக்கொண்டார். உன் அப்பா என்னைப் பார்த்து, "என்னப் பத்தி ஊர்ல யாரையோ கேக்குறதுக்கு என்னையே கேளு. நான் நெஜத்த சொல்லிடுறேன்" என்றார்.

அவர் எஞ்சினியர் இல்லை. ரொட்டி போடுகிறவர். சபை ஹாஸ்டலில் வளர்ந்தவர், அங்கே சமையலறையில் ரொட்டி போடக் கற்றுக்கொண்டார். ஜெர்மனியிலிருந்து வந்துபோன ஒரு போதகர் தம்பதி, தங்கள் சின்ன ஊரில் ஒரு பேக்கரியில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்கள். தழும்பு அடுப்புத் தட்டு சுட்டது. கொட்டாவி, விடிவதற்கு வெகுமுன்னால் எழுந்து பழகிய உடம்பு விடுவது. லீவில் வரவில்லை. பயிற்சி முடிந்தது, அனுமதிச் சீட்டும் முடிந்தது, திரும்பிப் போக வழியில்லை. "அக்கா சொல்றதெல்லாம் அக்கா சொல்றது. ஆனா நானும் பக்கத்துல உக்காந்துகினு இல்லன்னு சொல்லல. பெரியவங்க முன்னாடி எனக்கு வாய் வராது" என்றார்.

வாய் வராது. அந்த இரண்டு சொல் எனக்கு எங்கேயோ தைத்தது. ஆனாலும் என்னால் விட முடியவில்லை. "அப்ப அந்தப் பாஷை?" என்றேன். "யாரும் பாடம் நடத்தலம்மா. மொதலாளி வூட்டு அம்மா கத்தும். கத்துறத கேட்டுக் கேட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் காலையில் எப்படிக் கத்துவாள் என்று செய்து காட்டினார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, மூச்சு விடாமல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுகிற மாதிரி. என் அப்பா பேப்பருக்குப் பின்னால் குலுங்கிச் சிரித்தார், ஒரு சொல்லும் புரியாமலே. நான் சிரிக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு என் கட்டங்களைத் தேடினேன். ஒரு 'டேம்' இல்லை, ஒரு 'கூட்டென்' இல்லை. எல்லா வாலையும் மென்று விழுங்கியது மாதிரி இருந்தது. வாய்க்கு வந்ததை உளறுகிறாரோ என்றுதான் நினைத்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். கோபப்படவில்லை. "நாளைக்கு ஓலை. உனக்கு வேணாம்னா நீ யாரு முன்னாடியும் எதுவும் பேச வேணாம். அந்தப் புக்க கோயிலுக்கு எடுத்துகினு வா. அதப் பாத்தா நான் புரிஞ்சுக்குவேன். நான் பொய் சொன்னேன், அதனால பொண்ணு வூட்ல வேணாம்னுட்டாங்கன்னு போதகர் ஐயாகிட்ட நானே சொல்லிடுறேன். உன் பேரு கெடாது" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா, "நல்லவனா தெரியுறான்" என்றார். நல்லவன்போலத் தெரிகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தைக் கோயிலுக்கு எடுத்துப் போனேன். வேண்டாம் என்று முடிவு செய்து எடுத்துப் போகவில்லை. வேண்டும் என்றும் முடிவு செய்யவில்லை. வீட்டில் வைத்துவிட்டுப் போனால் முடிவு செய்ததாகிவிடுமே என்றுதான் எடுத்துப் போனேன். வேதாகமத்துக்கு அடியில் மடியில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டேன். பாட்டுக்கு எழுந்தபோது வேதாகமம் சரிந்தது. புத்தகத்தின் பச்சை அட்டை வெளியே தெரிந்தது. ஆண்கள் பக்கத்தில் உன் அப்பா பார்த்துவிட்டார். நான் உடனே மூடினேன். பிறகு இருவரும் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

போதகர் ஓலையை வாசித்தார். என் பெயர், என் அப்பா பெயர், அவர் பெயர். தடை இருந்தால் தெரிவிக்கவும் என்று சொல்லி நிறுத்தினார். யாரோ இருமினார்கள். உன் அப்பா எழுந்து நின்றார்.

பெரியவர்கள் முன்னால் வாய் வராது என்று சொன்ன மனிதர், சபை முழுக்க உட்கார்ந்திருக்கும்போது எழுந்து, முன்பக்கம் நடக்க ஒரு காலை எடுத்து வைத்தார். அவர் அக்கா சட்டையைப் பிடித்து இழுப்பதற்காகப் பெண்கள் பக்கத்திலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அவர் முகம் வெளுத்திருந்தது. உதடு அசைந்தது. வகுப்பில் நிற்கும்போது என் உதடும் அப்படித்தான் அசைந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. படித்தது எல்லாம் உள்ளே இருக்கும், வெளியே வராது. நான் இந்த மனிதரை எழுப்பி நிற்க வைத்து, 'எங்கே, ஒப்பி' என்று கேட்டிருக்கிறேன். வராததால், படிக்கவே இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறேன்.

"உக்காருங்க" என்றேன்.

அது எவ்வளவு சத்தமாக வந்தது என்று எனக்குத் தெரியாது. பின் வரிசைவரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நாற்பது பெண்கள் இல்லை, அதைப்போலப் பல மடங்கு. நான் அவரை மட்டும் பார்த்து, "உக்காருங்க. ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் உட்கார்ந்தார். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தடை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து உன் அத்தை, "இல்ல ஐயா, நீங்க படிங்க" என்றாள். சபையே சிரித்துவிட்டது. நான் புத்தகத்தை எடுத்து வேதாகமத்தின் மேலே வைத்துக்கொண்டேன். ஸ்டாம்பு, தழும்பு, தொண்டையிலிருந்து வந்த அந்த 'ர', எதையும் நம்பாத நான், அவர் எழுந்து நின்றதைத்தான் நம்பினேன். சொன்னபடி செய்கிறவர். வேறு அத்தாட்சி எனக்குக் கிடைக்கவும் இல்லை, அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது.

மீதி உனக்குத் தெரிந்த கதைதான். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், நீ என் வயிற்றில் இருக்கும்போது, தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் அந்தச் சின்னக் கடையை எடுத்தார். முதல் வாரம் அங்கே கற்றுக்கொண்ட கறுப்பு ரொட்டியைப் போட்டு அடுக்கி வைத்தார். "இன்னாண்ணா, வூடு கட்டவா செங்கல் போட்டு கீறீங்க?" என்று கேட்டுவிட்டு, வந்தவர்கள் பன்னை வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு பன், பப்ஸ், வெண்ணெய் பிஸ்கட். ஆனால் வாரம் ஒரு தடவை ஒரே ஒரு கறுப்பு ரொட்டி தனக்காகப் போடுவார். சின்ன வயதில் அதைச் சுவரில் தட்டித் தட்டி விளையாடுவாய். மாவு உப்பாத நாளில் அடுப்பைப் பார்த்து ஏதோ கத்துவாரே, நீகூட அதே மாதிரி கத்திக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினாயே, அது அந்த முதலாளியம்மாளின் காலை நேரப் பாட்டு. நாலு வருஷம் அவர் கேட்ட ஜெர்மன் அதுதான். அதில் வால் சரியா தப்பா என்று அங்கே யாரும் அவருக்குத் தாள் திருத்தவில்லை.

சந்தேகப்படாதே என்று உன்னிடம் சொல்ல நான் யார்? நான் இன்றைக்கும் கத்தரிக்காயைக் கொட்டித்தான் பார்க்கிறேன். நீ போகிற இடத்தில் உனக்கு வீடு காட்டுகிறவனை, கையெழுத்துப் போடச் சொல்கிறவனை, ரொம்பச் சிரிக்கிறவனை, எல்லாரையும் சந்தேகப்படு. உன் அம்மா பிள்ளையாக இரு. ஆனால் ஒரு மனிதன் எங்கே வாழ்ந்தான், என்ன பட்டான் என்பதை ஒப்பிக்கச் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பரீட்சையில் நான் தோற்றிருக்கிறேன், உன் அப்பாவும் தோற்றிருக்கிறார். இரண்டு பேருமே பாடம் தெரியாதவர்கள் இல்லை. உனக்குச் சந்தேகம் வந்தால் ஆளைக் கேள். என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு கேட்காதே. அவர் காலையில் அடுப்புக்கு முன்னால் தட்டை அடுக்கும்போது போய் நின்று, "அந்த முதலாளியம்மா எப்படிப்பா கத்துவாங்க?" என்று கேள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காட்டுவார். இத்தனை மாதம் வகுப்புக்குப் போன காதை வைத்துக் கேட்டுப் பார். எனக்குப் பிடிபடாதது உனக்குப் பிடிபடலாம்.

இன்னும் ஒன்று. நீ போகிற நகரத்திலிருந்து அந்தச் சின்ன ஊருக்கு ரயில் இருக்கிறதாம். பேக்கரியின் பின்வாசலில் ஒரு பெரிய மரம், இலையெல்லாம் விரித்த கை மாதிரி இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். முதல் குளிர்காலத்தில் வேலை முடிந்து அதன் கீழே உட்கார்ந்து, சூடான ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே அழுதாராம். அதை எங்கள் கல்யாணம் முடிந்த வருஷம் ஒரே ஒரு தடவை சொன்னார், மறுபடி சொல்லவில்லை. நீ அங்கே போனால் அந்த மரம் இருக்கிறதா என்று பார். இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு எழுதாதே. அவருக்குப் போன் செய்து அவரிடம் சொல். நான் சமையலறைக் கதவோரம் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். அன்றைக்குத்தான் அம்மா முழுதாக நம்பப் போகிறாள் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

அம்மா